பைப் பக்கத்துலதான் இருந்தது, பேப்பர்தான் இல்லை

குடிசைப் பகுதிகளுக்கு ஏன் குழாய்த் தண்ணீர் போறதில்லைன்னு கேட்டா வழக்கமா ரெண்டு பதில் வரும். ஒண்ணு, ஊர்லயே தண்ணீர் இல்லை. இன்னொண்ணு, அங்க இருக்கிறவங்களால பணம் கட்ட முடியாது. பங்களாதேஷ் தலைநகர் டாக்காவுல ரொம்ப வருஷமா நிலைமை வேற மாதிரி இருந்தது. பல குடிசைப் பகுதிகளுக்குப் பக்கத்து ரோட்டுலயே மெயின் பைப் ஓடும். அங்க இருந்தவங்க தண்ணீருக்குப் பணமும் கொடுத்துட்டுதான் இருந்தாங்க, அதுவும் மாடி வீட்டுக்காரரைவிட லிட்டருக்குப் பல மடங்கு அதிகமா. அவங்ககிட்ட இல்லாதது ஹோல்டிங் நம்பர்.

ஹோல்டிங் நம்பர்னா ஒரு மனைக்கு மாநகராட்சி கொடுக்கிற வரி எண். நம்ம சென்னைக்கு மெட்ரோ வாட்டர் மாதிரி அங்க டாக்கா வாசா, 1963-ல தொடங்கின நிறுவனம். அவங்ககிட்ட கனெக்ஷன் கேட்டா முதல்ல இந்த நம்பரைக் கேப்பாங்க. குடிசை இருக்கிறது பெரும்பாலும் அரசு நிலம். அதனால நம்பர் கிடையாது, விண்ணப்பமே போட முடியாது.

அந்த இடைவெளியில புகுந்தவங்கதான் மஸ்தான்கள். வங்காளத்துல ஏரியா தாதாவுக்கு அதுதான் பேர். மெயின் பைப்புல திருட்டுத்தனமா துளை போட்டு, பிளாஸ்டிக் குழாய் இழுத்து, தண்ணீரை வித்தாங்க. குல்ஷன், பனானி மாதிரி பணக்கார ஏரியாக்களை ஒட்டி, ஏரிக்கரையில இருக்கிற கொராயில் குடிசைப் பகுதிக்கு ஏரித் தண்ணிக்குள்ளயே இப்படிக் குழாய்கள் வந்தது.

சிவில் படிக்கிறவங்களுக்கு இதுல என்ன ஆபத்துன்னு உடனே தெரியும். பைப்புல பிரஷர் இருக்கிற வரைக்கும் ஓட்டை வழியா தண்ணீர் வெளியேதான் போகும். சப்ளை நின்னதும் பிரஷர் விழும். அப்போ யாராவது மோட்டார் போட்டு உறிஞ்சினா குழாய்க்குள்ள அழுத்தம் வெளியைவிடக் குறைஞ்சுடும். அதே ஓட்டை வழியா இப்போ சாக்கடை உள்ளே வரும். குழாய் சாக்கடைக்குள்ளயோ ஏரிக்குள்ளயோ கிடந்தா கேக்கவே வேண்டாம். காசு கொடுத்து வயித்துப்போக்கு வாங்கின கதைதான்.

1988 வெள்ளத்துக்குப் பிறகு டாக்கா குடிசைகள்ல மருத்துவ உதவி செய்ய ஆரம்பிச்ச அமைப்பு டி.எஸ்.கே. முழுப் பேர் துஸ்த ஸ்வாஸ்த்ய கேந்திரா, நலிந்தவர்களுக்கான சுகாதார மையம்னு சொல்லலாம். தண்ணீரைச் சரி பண்ணாம மாத்திரை மட்டும் கொடுத்து என்ன பிரயோஜனம்? 1990-களின் ஆரம்பத்துல அவங்க வாசாகிட்ட ஒரு ஏற்பாடு பேசினாங்க. நிலப் பத்திரம் வேண்டாம், கனெக்ஷனை எங்க பேர்ல கொடுங்க, பில்லுக்கு நாங்க ஜாமீன். இதுல பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஆனா மொத்தக் கதையும் திரும்பினது இந்த ஒரு கையெழுத்துலதான்.

கட்டினது என்னன்னா, தரைக்கு அடியில ஒரு சம்ப், மேல கை பம்பு, சுத்தி சிமெண்ட் மேடை. ஏன் சம்ப்? சப்ளை நாள் முழுக்க வராது, வர்ற நேரத்துல பிடிச்சு வைக்கணும். தோராயமா ஒரு கணக்குப் போடலாம். 100 குடும்பம், குடும்பத்துக்கு 5 பேர், ஆளுக்கு 20 லிட்டர்னா ஒரு நாளைக்கு 10,000 லிட்டர், அதாவது 10 கன மீட்டர். இரண்டரை மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் இருந்தா போதும். கை பம்பால நடைமுறையில சுமார் 7 மீட்டர் ஆழம் வரைக்கும் உறிஞ்ச முடியும், இங்க 2 மீட்டர்தான். கரண்ட்டே வேண்டாம். மெயின் பைப்புல நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சற பிரச்சனையும் போச்சு.

எங்க கட்டறது, குடத்துக்கு எவ்வளவு, யார் காசு வாங்கறது, எப்போ பூட்டறது, இதையெல்லாம் பார்த்துக்க உள்ளூர்க் கமிட்டி. அதுல பெரும்பாலும் பெண்கள். தண்ணீர் தூக்கறது அவங்கதானே. கூடவே ஆலோசனைக் குழுன்னு ஒண்ணு வச்சு உள்ளூர் பெரிய மனுஷங்களை உட்கார வச்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் இதுதான். வருமானம் போன கோபத்துல யாராவது பைப்பை உடைக்க வந்தா நிக்க ஆள் வேணுமே. வசூலான காசுல வாசா பில், பராமரிப்பு, அப்புறம் கட்டின செலவுக்குத் தவணை. தவணை முடிஞ்சதும் பொறுப்பு முழுக்கக் கமிட்டிக்கு.

மக்கள் பங்கேற்புன்னு சொன்னாலே நிறைய ரிப்போர்ட்ல மண்வெட்டியோட நிக்கிற ஜனங்க போட்டோதான் இருக்கும். அது கூலி மிச்சம், அவ்வளவுதான். டாக்காவுல நடந்தது வேற. விலையை முடிவு பண்ற அதிகாரமும் பில்லுக்கான பொறுப்பும் ஒரே கையில இருந்தது. ஆனா ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. மாடி வீட்டுல இருக்கிறவர் எந்தக் கமிட்டி மீட்டிங்குக்கும் போகாம குழாயைத் திறக்கிறார். ஏழைப் பெண்கள் மட்டும் அதே தண்ணீருக்கு சம்பளம் இல்லாம நிர்வாகமும் பார்க்கணும்.

வாசாவுக்கு இதுல லாபம்தான். திருட்டுல போன தண்ணீருக்கு மீட்டர் வந்தது, 100 வீட்டுக்குப் பதிலா ஒரே பில். பல வருஷம் பணம் ஒழுங்கா வந்ததைப் பார்த்த பிறகு, 2000-களின் இறுதியில விதியையே மாத்தினாங்க. இப்போ குடிசைவாசிகளோட அமைப்பே, நடுவுல ஜாமீன்தாரர் இல்லாம, நேரா விண்ணப்பிக்கலாம்.

கனெக்ஷன் இருக்குங்கிறதுக்காக நிலத்துல உரிமை வந்துடாது. தண்ணீர் கொடுக்கிற அரசு நிறுவனம் ஒண்ணு, நிலத்தைத் திருப்பிக் கேக்கிற அரசு நிறுவனம் இன்னொண்ணு. 2012 ஏப்ரல்ல கொராயில்ல ஒரு பகுதியை இடிச்சாங்க. குடிசைத் தகரத்தைக் கழட்டி எடுத்துட்டுப் போகலாம், சம்ப்பை எடுத்துட்டுப் போக முடியாது. அதனால புதுசா கட்டற ஒவ்வொரு இடத்துலயும் இந்தச் சிக்கல் இருக்கு. தவணைக் காலத்தைக் குறைச்சா குடத்துக்கு விலை ஏறும். நீட்டினா, கட்டி முடிக்கிறதுக்குள்ள புல்டோசர் வரலாம்.