துளை பெருத்தால் செய்வது யாது?

மரமாயினும் உலோகமாயினும், சிறிய துளையைப் பெரிதாக்குதல் எளிது; பெருத்த துளையைச் சிறிதாக்குதல் அரிது. இதனைத் தச்சரும் கொல்லரும் நன்கறிவர். கதவுக் கீலின் துளை சிறிது பெருத்தால் கதவு ஆடும், அவ்வளவே. ஆனால், அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு மிகினும் உயிருக்கே இடையூறு நேரக்கூடிய துளைகளும் உள. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, பிழை நேரும் வகையையும் அது திருத்தப்படும் வகையையும் ஈண்டு நோக்குவோம்.

அமெரிக்கராகிய ஜான் மோசஸ் பிரவுனிங் வகுத்த .45 கைத்துப்பாக்கியை அந்நாட்டுப் படை 1911-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. அதற்குமுன் நடந்த சோதனையில் அது 6,000 தோட்டாக்களைப் பழுதின்றிச் சுட்டது. 1985-இல் அப்படை வேறொரு துப்பாக்கியைத் தேர்ந்துகொண்ட பின்னரும், குறிபார்த்துச் சுடும் போட்டியாளரிடையே இதன் மதிப்புக் குன்றவில்லை. அவர்களுக்காகச் சட்டத்தையும் உறுப்புகளையும் தனித்தனியே பெற்று, இழைத்துப் பொருத்தித் தரும் கம்மியர் அந்நாட்டில் பலர்.

இத்துப்பாக்கியில் அடிக்கும் உறுப்பு குதிரை. பின்னுக்கு இழுக்கப்பட்ட குதிரையைப் பற்றி நிறுத்துவது ‘சியர்’ எனப்படும் சிறு கொண்டி. விசையை அழுத்தினால் கொண்டி விலகும், குதிரை பாயும், தோட்டா வெடிக்கும். குதிரையும் கொண்டியும் சட்டத்தின் இரு பக்கங்களையும் ஊடுருவி நிற்கும் இரு முளைகளின்மேல் சுழல்கின்றன. குதிரை முளையின் குறுக்களவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். கொண்டி முளையினது ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர். கொண்டி பற்றிக்கொள்ளும் விளிம்போ அரை மில்லிமீட்டர் உயரமே உடையது. முளை தன் துளையில் ஆடினால் அச்சிறு பிடிப்பும் மாறிக்கொண்டே இருக்கும். ஒருபுறம் பற்றி மறுபுறம் பற்றாது நிற்கும். விரல் படாமலே குதிரை விழவும் கூடும். தேருக்கு அச்சாணி எத்தகையதோ, இதற்கு இம்முளை அத்தகையது.

துளை பெருப்பது எதனால்? துளையிடும் அலகு நேராகச் சுழலாமை, சட்டத்தை இறுகப் பிடித்து நிறுத்தாமை, இறுதி அளவுக்குரிய அலகையே முதலில் செலுத்தும் அவசரம் ஆகியன காரணம். நீண்ட நாள் வழங்கிய துளை தேய்ந்து நீள்வட்டமாதலும் உண்டு. மென்மையான அலுமினியச் சட்டத்தில் இது விரைவில் நேரும்.

பெருத்துவிட்டது எனச் சட்டத்தை எறிந்துவிடலாகாதோ எனின், எளிதன்று. ஏனைய உறுப்புகள் யாவும் மாற்றத்தக்கன. வரிசை எண் பொறிக்கப்படுவதோ சட்டத்தில். அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சட்டமே துப்பாக்கி எனக் கொள்ளப்படும். ஆதலின் திருத்துதலே முதல் நாட்டம்.

திருத்துமுன் அளத்தல் வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் வீதம் ஏறிச் செல்லும் அளவு முளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, துளை வட்டமா நீள்வட்டமா, பிழை ஒரு பக்கத்திலா இரு பக்கத்திலா, நடுப்புள்ளி இடம்பெயர்ந்துளதா எனத் தெளிதல் வேண்டும். மருந்து நோயைப் பொறுத்ததன்றோ?

துளை வட்டமாகவும் நடுப்புள்ளி சரியாகவும் இருப்பின், பருத்த முளை ஒன்றே போதும். அதற்கேற்பக் குதிரையின் அல்லது கொண்டியின் துளையையும் ‘ரீமர்’ கொண்டு விரிவாக்க வேண்டும். முளை நுழையும் பக்கம் மட்டும் பெருத்திருந்தால், அவ்விடத்தில் மட்டும் பருத்த படிமுளை பொருந்தும். இரு பக்கமும் பெருத்திருந்தால் படிமுளை உதவாது. இரு முனையும் பருத்து நடுவில் மெலிந்த முளை உறுப்பின் துளையைக் கடந்து செல்லாதன்றோ?

நடுப்புள்ளி பெயர்ந்திருந்தால், துளையை உரிய நடுப்புள்ளியில் இன்னும் பெரிதாகக் கடைந்து, அதில் உலோகக் கட்டை ஒன்றை இறுகச் செலுத்தி, அதன்மேல் புதிய துளையிடுவர். சுற்றிலும் போதிய உலோகம் எஞ்சியிருந்தாலன்றி இம்முறை செல்லாது. துளையைப் பற்றவைத்து நிரப்பிப் புதிதாகத் துளையிடுதல் மற்றொரு முறை. எனினும் வெப்பத்தால் சட்டம் கோணக்கூடும், அலுமினியமாயின் அதன் வலிமையும் குன்றும், மேற்பூச்சும் கெடும். ஆகவே இது கைதேர்ந்தோர்க்கே உரியது.

துளையின் விளிம்பைச் சுற்றி உளியால் குத்தி நெருக்குவது பலர் கையாளும் குறுக்குவழி. அது வாயை மட்டும் சுருக்கும். உள்ளே துளை பழையபடியே இருக்கும். பார்வைக்குச் சரியாகத் தோன்றுவதே அதன் பெருங்கேடு. நாளடைவில் நெருக்கிய உலோகம் தளர்ந்து, பழைய ஆட்டம் மீளும்.

பணி முடிந்தபின், தோட்டா இன்றியே, முளை விரலழுத்தத்தால் நுழைகின்றதா, கொண்டி இரு புறமும் ஒப்பப் பற்றுகின்றதா, காப்புகள் யாவும் தடுக்கின்றனவா எனப் பன்முறை சோதித்தல் கடமை. இவையனைத்தும் உரிமம் பெற்ற கம்மியர் செய்யத்தக்கன.

ஆசிரியராகிய நமக்கு இதில் பாடம் ஒன்றுண்டு. நற்கம்மியன் இறுதி அளவினும் சிறிதாகவே முதலில் துளையிடுவான். பின்னர் அளந்து, சிறிது சிறிதாக விரிப்பான். எடுத்த உலோகத்தை மீண்டும் வைக்க இயலாது என்பதை அவன் அறிவான். கணக்கில் ‘ஏறத்தாழ’ என்று விடை எழுதிவரும் மாணவனுக்கு, அரை மில்லிமீட்டர் விளிம்பில் தொங்கும் ஓர் உயிரை எடுத்துக் காட்டுவோமாயின், அளவின் அருமை அவன் உள்ளத்தில் பதியும்.