பி.எச்.பி.யை நாமே தொகுத்த கதை



விளையாட்டு விழாவுக்காக நாங்கள் கணிப்பொறியில் அமைத்த பெயர்ப்பட்டியலில் 'பெர்னதெத்தா' என்னும் பெயர் 'பெர' என்று நின்றது. அதையடுத்து ஒரு கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறி! பெற்றோர் பார்வைக்கு வைக்க ஒரு வாரமே இருந்தது.

அப்பட்டியலை இயக்கியது பி.எச்.பி. என்னும் கணிப்பொறி மொழி. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், தம் இணையப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அறிய 1994-இல் எழுதிய சிறு நிரல்களே இதன் தொடக்கம். 1995-இல் அவற்றை எல்லோருக்கும் வழங்கினார். இம்மொழி இயல்பாக எண்ணுவது எழுத்துகளை அல்ல, பைட்டுகளை. யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. 'பெர்னதெத்தா' நமக்கு 6 எழுத்து; கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியே எண்ணினால் 11 குறி; பைட்டுக் கணக்கிலோ 33! இடம் போதாதென்று நாங்கள் 'பத்தோடு நிறுத்து' என எழுதியிருந்தோம். நான்காம் குறியின் நடுவிலே கத்தரி விழுந்துவிட்டது.

இதற்கு 'எம்பிஸ்ட்ரிங்' என்னும் கூடுதல் நீட்சி தேவை. எங்கள் லினக்ஸ் சர்வரிலிருந்த பி.எச்.பி. பழையது; அதற்குரிய ஆயத்தப் பொதி கிடைக்கவில்லை. (கிடைத்திருந்தால் அதையே போட்டிருப்போம். ஆயத்த ஆடை பொருந்தினால் துணி எடுத்துத் தைப்பானேன்?) ஆகவே புதிய பதிப்பின் மூலநிரலைப் பி.எச்.பி. தளத்திலிருந்து இறக்கி, அங்கே தந்துள்ள ஷா-256 எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, கட்டைப் பிரித்தோம். உள்ளே இருப்பது பெரும்பாலும் சி மொழி.

முதல் கட்டளை 'கான்ஃபிகர்'. இது அளவெடுப்பது போன்றது. எங்கே நிறுவுவது, எந்தெந்த நீட்சிகள் வேண்டும் என்பதை இங்கேதான் சொல்ல வேண்டும். 'எனேபிள் எம்பிஸ்ட்ரிங்' என்றோம். இணையப் பக்கங்களை வழங்குவதற்காக 'எனேபிள் எஃப்.பி.எம்.' என்றும் சேர்த்தோம். சிறிது ஓடியபின் 'ஓனிகுருமா இல்லை' என்று நின்றுவிட்டது. அந்த நூலகமோ கணிப்பொறியில் இருந்தது! அரை நாள் தேடியபின்தான் விளங்கியது: ஓடுவதற்கு நூலகம் போதும், தொகுப்பதற்கு அதன் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். டெபியன் வகை லினக்ஸில் அவை 'டெவ்' என்று பெயர் முடியும் தனிப் பொதிகளில் உள்ளன. 2019-இல் வந்த 7.4 பதிப்புக்கு முன்பு ஓனிகுருமா பி.எச்.பி.யின் கட்டுக்குள்ளேயே இருந்ததாம். எங்கள் கையிலிருந்த பழைய குறிப்பில் அதனால்தான் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

பிறகு 'மேக்' என்றதும் திரை முழுவதும் வரிகள் ஓடின. 'மேக் டெஸ்ட்' சோதித்தது. 'மேக் இன்ஸ்டால்' நிறுவியது. இணைய சர்வரைப் புதிய எஃப்.பி.எம். பக்கம் திருப்பிவிட்டு ஆவலோடு பட்டியலைத் திறந்தோம். கேள்விக்குறி மறைந்திருந்தது. ஆனால் பெயரோ 'பெர்னதெத்த'!

எம்பிஸ்ட்ரிங் குறிகளை எண்ணுகிறது. பதினோராவது குறியாகிய கால் போய்விட்டது. தமிழ் எழுத்தை முழு எழுத்தாக எண்ணுவது 'இன்டல்' என்னும் மற்றொரு நீட்சி. அதற்கு ஐ.சி.யு. நூலகம் வேண்டும், இம்முறை அதன் டெவ் பொதியை முதலிலேயே போட்டுவிட்டோம்.

எல்லாவற்றையும் மறுபடி தொகுக்க வேண்டுமோ என்று அஞ்சினோம். வேண்டியதில்லை. தைத்த பாவாடையில் பிறகு ஒரு பை வைத்துத் தைப்பதில்லையா? மூலநிரலில் 'எக்ஸ்ட்' அடைவுக்குள் இன்டலின் அடைவுக்குச் சென்று, நாங்கள் நிறுவிய பி.எச்.பி.யோடு வந்த 'பிஎச்பிஐஸ்' கட்டளையை இட்டோம். பழையதை இட்டால் நீட்சி பொருந்தாது. அதன்பின் கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். கடைசியாக பி.எச்.பி.யின் 'இனி' கோப்பில் 'எக்ஸ்டென்ஷன்' என்று தொடங்கும் ஒரு வரி. அந்தக் கோப்பு தானாக உண்டாவதில்லை. மூலநிரலில் உள்ள மாதிரியைப் படியெடுத்து வைக்க வேண்டும். எஃப்.பி.எம்.மை நிறுத்தித் தொடங்கியதும் 'பெர்னதெத்தா' காலோடு நின்றாள்!

நாமே தொகுத்ததால் ஒரு பொறுப்பும் உண்டு. பாதுகாப்புத் திருத்தம் வெளிவந்தால், லினக்ஸ் மற்றவற்றைப் புதுப்பிப்பதுபோல் இதைப் புதுப்பிக்காது. மீண்டும் நாமே தொகுக்க வேண்டும். கான்ஃபிகர் வரி முழுவதையும் கணிப்பொறி அறை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம், ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளே!