மகோகனிக்கு வைரம் ஏற எத்தனை வருடம்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. ஒன்றிரண்டு மரங்களை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை அன்று பார்த்தோம். இப்போது வேளாண்மைத் துறையின் பசுமைப் போர்வைத் திட்டத்தில் தேக்கு, வேங்கையோடு மகோகனிக் கன்றும் இலவசமாகக் கிடைக்கிறது.

மகோகனி வேம்பின் குடும்பம், மலைவேம்புக்கும் பங்காளி. அதன் பூர்வீகம் மெக்சிகோ முதல் பொலிவியா வரையிலான காடுகளும் மேற்கிந்தியத் தீவுகளும். சிறிய இலை மகோகனி 1795-இல் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. பெரிய இலை மகோகனி 1872-இல் வந்தது; இன்று அதிகம் நடப்படுவது அதுதான்.

ஐரோப்பியர்களின் மேசை நாற்காலிக்காகப் பூர்வீகக் காடுகளில் மகோகனியை நூற்றாண்டுகளாக வெட்டித் தீர்த்தார்கள். 2001-இல் பிரேசில் தன் மகோகனி ஏற்றுமதியை நிறுத்தியது. லத்தீன் அமெரிக்காவின் பெரிய இலை மகோகனி 2003 நவம்பர் முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் அந்த மரம் எல்லை தாண்ட முடியாது. இந்தியாவிலோ இயற்கையான மகோகனிக் காடே கிடையாது. இங்கே விளைந்த மகோகனி எல்லாம் சாலையோரத்திலோ தோட்டத்திலோ பட்டா நிலத்திலோ யாரோ நட்டு வளர்த்ததுதான்.

பண்ருட்டி, நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் மேடு இதற்கு ஏற்றது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண்ணில், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் வயலை விட்டுவிட்டு உயர்ந்த வரப்பில் வைப்பதே நல்லது.

இதன் பெரிய எதிரி குருத்துத் துளைப்பான். அந்துப்பூச்சியின் புழு நுனிக் குருத்தைக் குடைந்துவிடும். குருத்து கருகிப் பக்கக் கிளைகள் கிளம்பும். இடுப்புயரத்திலேயே கவைத்துப்போன மரத்தில் நீளமான பலகை எங்கே கிடைக்கும்? தோப்பு முழுக்க மகோகனியாக வைக்காமல் மற்ற மரங்களோடு கலந்து நடுங்கள். கவைத்த கன்றில் நேரான ஒரு குருத்தை மட்டும் விட்டு மற்றதைக் கழியுங்கள்.

பத்து வருடத்தில் ஏக்கருக்குக் கோடி என்ற பேச்சை நான் நம்பவில்லை. மரக்கடைக்காரர் விலை கொடுப்பது மரத்தின் நடுவிலுள்ள செம்பழுப்பு வைரத்துக்கு. இளமரத்தில் அதைச் சுற்றியுள்ள வெள்ளைதான் அதிகம். வெள்ளையை எளிதில் பூச்சி அரிக்கும். சுற்றளவு பெருக வைரமும் கூடும். நல்ல பலகைக்கு 25, 30 வருடமாவது விட வேண்டும். அதுவரை வரும்படிக்கு ஊடுபயிர் இருக்கட்டும். வெட்டும் நாள் வந்தால், வியாபாரி சொல்லும் கணக்கோடு நின்றுவிடாமல் நீங்களே நாடா பிடித்து நெஞ்சுயரச் சுற்றளவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டவும் லாரியில் ஏற்றவும் என்ன தாள் வேண்டும் என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் வாங்குங்கள்.