பதிவது என்றால் என்ன?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசலாம். திரும்பத் திரும்பப் படித்தால் மனதில் பதியும் என்கிறோம். பதியும்போது மூளைக்குள் உண்மையில் என்ன மாறுகிறது?

நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒரு செல் இன்னொன்றுக்குச் செய்தி தரும் இடம்தான் சினாப்ஸ். பெரும்பாலான சினாப்ஸ்களில் இரண்டு செல்களும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவே 20 நானோமீட்டர் அளவுக்கு இடைவெளி உண்டு. முதல் செல் குளுட்டமேட் போன்ற ரசாயனத்தை அந்த இடைவெளியில் விடும். எதிர்ப்பக்கச் செல்லில் உள்ள ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

1966இல் ஓஸ்லோவில், பெர் ஆண்டர்சனின் ஆய்வகத்தில் டெர்யே லோமோ முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். மயக்கத்தில் இருந்த முயலின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்குச் செல்லும் நரம்புப் பாதையில் மின்துடிப்பு கொடுத்து, மறுபக்கம் வரும் பதிலை அளந்தார். சில விநாடிகள் படபடவென்று தொடர்ச்சியாகத் துடிப்புகள் கொடுத்துவிட்டு, பிறகு பழைய ஒற்றைத் துடிப்பையே கொடுத்துப் பார்த்தால், பதில் முன்பைவிடப் பெரிதாக வந்தது. உடனே தணியவும் இல்லை. பின்னர் டிம் பிளிஸ் என்ற ஆங்கிலேயரும் அவரும் சேர்ந்து சோதித்து 1973இல் வெளியிட்ட கட்டுரை, அந்த வலு அரை மணியிலிருந்து 10 மணி நேரம்வரை நீடித்ததைக் காட்டியது.

இது எப்படி நடக்கிறது என்பது பிற்பாடு தெளிந்தது. எதிர்ப்பக்கச் செல்லில் என்எம்டிஏ என்றொரு ஏற்பி இருக்கிறது. அதன் வழியை மெக்னீசியம் அயனி தக்கை போல அடைத்திருக்கும். குளுட்டமேட் வந்தால் மட்டும் போதாது. அதே சமயம் அந்தச் செல்லும் நன்றாகத் தூண்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் கூடிவந்தால் அடைப்பு விலகி, கால்சியம் உள்ளே பாயும். அதன் விளைவாக ஆம்பா என்ற வேறு வகை ஏற்பிகள் கூடுதலாக வந்து சேரும். அடுத்த முறை அதே அளவு குளுட்டமேட்டுக்குப் பதில் பலமாக இருக்கும். சினாப்ஸ் அமைந்துள்ள ‘முள்’ எனப்படும் நுண்ணிய புடைப்பும் பருக்கும்.

கால்சியம் குறைந்த அளவில் நெடுநேரம் வந்தால் நடப்பது நேரெதிர். ஏற்பிகள் உள்ளே இழுக்கப்படும், முள் சுருங்கும், சில மறைந்தே போகும். சிறு குழந்தையின் மூளையில் பெரியவர்களுக்கு இருப்பதைவிட அதிக சினாப்ஸ்கள் உண்டு. வளர வளர, வேண்டாதவை கழிக்கப்படுகின்றன. மைக்ரோகிளியா என்ற செல்கள் அவற்றை விழுங்கி உதவுகின்றன. இதை இழப்பு என்று நினைக்காதீர்கள். மூளை தேர்ச்சி பெறுவதற்குச் சேர்ப்பதும் வேண்டும், கழிப்பதும் வேண்டும்.

கற்றலுக்கும் நினைவுக்கும் அடிப்படை இந்த மாற்றங்களே என்றுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருதுகிறார்கள். வயது ஏறினாலும் இந்த வேலை அடியோடு நிற்பதில்லை. ஆகவே, வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளையிடம் “உன் மண்டையில் ஏறாது” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். இன்னொரு முறை சொல்லிக்கொடுங்கள்.