பறக்காத பொழுது - 9: கீழ்ப் பிளக்கில் ஈய மணி

ஓடுபாதை முனையில் ஒரு செஸ்னா 172எஸ். பைலட் இன்ஜினை நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு ஏற்றி, பிளக்குகளுக்கு மின்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் ஒன்றுக்கு மட்டும் சாவியைத் திருப்புகிறார். சுற்று குறையும், 150-க்கு மேல் குறையக்கூடாது என்கிறது கையேடு. முள் அதையும் தாண்டிச் சரிய, விமானம் உதறத் தொடங்குகிறது.

போன வாரம் எண்ணெய் ஃபில்டரை அறுத்துப் பார்த்த மெக்கானிக்கிடமே வண்டி திரும்பி வருகிறது.

சாவியை உருவிய பிறகும் அவர் புரொப்பெல்லரின் வட்டத்துக்குள் நிற்பதில்லை. மேக்னெட்டோ தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். சாவியின் வேலை அதை எர்த் செய்வது மட்டும்தான். அந்த ஒற்றை ஒயர் அறுந்திருந்தால், கையால் லேசாகத் திருப்பினாலும் இன்ஜின் சீறும்.

இந்த விமானத்தின் லைகாமிங் இன்ஜினில் 4 சிலிண்டர்களிலும் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஆக, 8 பிளக்குகள். கழற்றக் கழற்ற எண் போட்ட தட்டின் துளைகளில் நிற்கவைக்கிறார். எந்தப் பிளக் எங்கிருந்து வந்தது என்பது தெரியாவிட்டால் பாதி நோய்க்குறி போச்சு.

மேல் வரிசை நான்கும் பழுப்புப் பொடி பூசி, ஏறக்குறைய சுத்தம். கீழ் வரிசைதான் அழுக்கு. எண்ணெயும் கசடும் கீழேதானே இறங்கும்? ஒரு பிளக்கின் குழிக்குள் சாம்பல் நிறத்தில் மணி மணியாக ஏதோ பளபளக்கிறது. ஈயம்! 2021-இல் உலகின் கடைசி பங்க்கும் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்திவிட்டது. 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலில் மட்டும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். பெட்ரோல் மிகுந்த கலவையோடு தரையில் மெல்ல உருளும்போது பிளக் நுனி போதிய அளவு சூடாவதில்லை. ஆவியாகிப் போக வேண்டிய ஈயம் அங்கேயே படிகிறது. பழியில் பைலட்டுக்கும் பங்குண்டு.

அதிரும் ஊசியால் ஈயத்தைப் பெயர்த்து, மணல் பீய்ச்சும் கருவியில் சில விநாடி மட்டும் காட்டுகிறார். அதிகம் காட்டினால் பீங்கானே தேய்ந்துவிடும். அடுத்து மீட்டர்: உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் 5,000 ஓமைத் தாண்டினால் பிளக் குப்பைக்கு. கைதவறித் தரையில் விழுந்த பிளக்குக்கும் அதே கதிதான். பீங்கானில் விழுந்த மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. இடைவெளி 0.016 முதல் 0.021 அங்குலம். அகன்றதை நெருக்கலாம். நெருக்கியது கூடிப்போனால் மறுபடி நெம்பக்கூடாது.

மாட்டும்போது எதுவும் பழைய இடத்துக்குப் போவதில்லை. வெடிவரிசை 1-3-2-4 என்பதால், முதல் சிலிண்டரின் மேல் பிளக் மூன்றாவதன் கீழே போகிறது. மின்முனைகள் ஒருபக்கமாகத் தேயாமலிருக்க இந்த இடமாற்றம். புதிய செப்பு வாஷர், மரையில் பொட்டளவு பசை (முதல் மரையில் அதுவும் கூடாது), டார்க் ரெஞ்சில் 35 அடி-பவுண்டு. ஒயர் முனையைத் துடைத்தபின் விரல் படாமல் உள்ளே செருகுகிறார்; கைவியர்வை போதும், மின்சாரம் வழிமாறிக் கசிய.

மறுபடி 1,800 சுற்று. வலது மேக்னெட்டோவில் 70 குறைகிறது, இடதில் 80.

(தொடரும்)