முதலடி வைக்க வயதில்லை
அயர்லாந்து நடனம்: தொடக்க வகுப்பு முதல் போட்டி மேடை வரை

“எனக்கு இனி என்ன ஆட்டமும் பாட்டும்?” பெண்கள் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. கணவனையோ பிள்ளையையோ இழந்த ஒருத்தி வாய்விட்டுச் சிரித்தாலே ஊர் திரும்பிப் பார்க்கிறது. முப்பது வயதைக் கடந்தவள் புதிதாக ஒன்றைப் பழகப் போனால், “இந்த வயதில் இவளுக்கு ஏன் இது?” என்று கேட்கிறது.

சகோதரிகளே, பஞ்சத்தையும் புலப்பெயர்வையும் ஆயுத மோதலையும் கண்ட இன்னொரு தீவு அயர்லாந்து. அந்த மண்ணின் நடனத்தை இன்று பல நாடுகளில் சிறுமியர் மட்டுமல்ல, நாற்பது ஐம்பது வயதில் முதன்முதலாக நடனச் சப்பாத்து அணியும் பெண்களும் பழகுகிறார்கள். அது எவ்வாறு படிப்படியாகக் கற்பிக்கப்படுகிறது என்று பார்ப்போம்.

குடிசைகளில் வளர்ந்த கலை

1770களில் அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்த ஆங்கிலேயர் ஆதர் யங், நடன ஆசிரியர்கள் குடிசை குடிசையாகச் சென்று ஏழைகளுக்கும் கற்பித்ததை எழுதி வைத்துள்ளார். வலது இடது தெரியாத மாணவருக்கு ஒரு காலில் வைக்கோலும் மறுகாலில் உலர்ந்த புல்லும் கட்டி, “வைக்கோல் கால், புல் கால்” என்று சொல்லிக் கொடுத்தார்கள் என்பது அங்கு வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

1845 முதல் 1852 வரை நீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இறந்தனர். அதேயளவு மக்கள் கப்பலேறி வேறு நாடுகளுக்குச் சென்றனர். நடனமும் அவர்களோடு சென்றது. 1893 இல் அயர்லாந்தின் மொழியையும் பண்பாட்டையும் மீட்கவென கேலிக் லீக் என்னும் அமைப்பு உருவானது. அதன் இலண்டன் கிளை 1897 இல் பொது நடன மாலை ஒன்றை நடத்தியது. அதற்கு வைத்த பெயர் ‘கெய்லீ’. மாலையில் அயல் வீட்டுக்குப் போய்ப் பேசியிருப்பதைக் குறிக்கும் சொல் அது. ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்த் திண்ணையை மண்டபத்துக்குள் கொண்டு வந்தார்கள் என்று சொல்லலாம்.

தடைகளும் இருந்தன. 1935 இல் அயர்லாந்தில் இயற்றப்பட்ட நடன மண்டபச் சட்டம், பொது நடனங்களுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. ஆணும் பெண்ணும் கூடி ஆடுவதால் ஒழுக்கம் கெடுகிறது என்ற மதகுருமாரின் கவலையே அதற்கு முக்கிய காரணம். ஆடும் பெண்ணைக் கண்காணிக்கும் கண்கள் எல்லா நாட்டிலும் இருந்திருக்கின்றன.

முதல் வகுப்பு

தொடக்க வகுப்பில் முதலில் கற்பது நிற்பதற்கு. முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். கைகள் உடலோடு ஒட்டியிருக்க வேண்டும். பாதங்கள் வெளிப்புறமாகத் திரும்பி ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்க, குதிக்கால் நிலத்தில் படாமல் முன்பாதத்தில் ஆட வேண்டும். எங்கள் பரதத்தில் கண்ணும் கையும் பேசும். இங்கே பேசுவது கால் மட்டுமே.

அடுத்து ‘ஏழும் மூன்றும்’. பக்கவாட்டில் ஏழு எண்ணிக்கைக்கு நகர்ந்து, பின் மூன்று எண்ணிக்கை கொண்ட அடியை இரு தடவை வைத்து, அதையே மறுபக்கமும் செய்ய வேண்டும். நாம் தட்டடவில் தொடங்குவது போல அவர்கள் இதில் தொடங்குகிறார்கள். வலது காலில் பழகிய எதையும் இடது காலிலும் பழகியே ஆகவேண்டும் என்பது இந்நடனத்தின் விதி.

தொடக்கத்தில் நாடா கட்டும் மென்தோல் சப்பாத்து. நான்கு எண்ணிக்கை கொண்ட ‘ரீல்’, ஆறு எண்ணிக்கை கொண்ட ‘ஜிக்’, பெரும்பாலும் பெண்களே ஆடும் ஒன்பது எண்ணிக்கை ‘ஸ்லிப் ஜிக்’ ஆகியவை அதில் ஆடப்படும். பின்னர் வருவது ஓசை எழுப்பும் வன்சப்பாத்து. முற்காலத்தில் அதன் அடியில் ஆணி அடித்தார்கள். இன்று முனையில் கண்ணாடியிழை பொருத்துகிறார்கள். ‘ட்றெபிள் ஜிக்’, ‘ஹோன்பைப்’ என்பன இந்தச் சப்பாத்துக்குரியவை.

போட்டிப் படிகள்

போட்டி விழாவின் பெயர் ‘ஃபெஷ்’. வட அமெரிக்காவில் தொடக்கநிலையிலிருந்து திறந்த சம்பியன் நிலை வரை பல படிகள் உள்ளன. ஒரு படியில் உரிய இடத்தைப் பெற்றவரே அடுத்ததற்குச் செல்லலாம். ஒரு நடனத்தில் முன்னேறியவர் இன்னொன்றில் தொடக்கநிலையிலேயே இருக்கவும் கூடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல விழாக்களில் வளர்ந்தோருக்குத் தனிப் பிரிவு உண்டு. அவர்கள் பத்து வயதுச் சிறுமியோடு மோத வேண்டியதில்லை.

இங்கு கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. தொடக்கநிலையில் ட்றெபிள் ஜிக்கின் இசை நிமிடத்துக்கு 92 தட்டு வேகத்தில் செல்லும். மேல்நிலையில் அது 73 ஆகக் குறையும். மெதுவான இசை இலகு என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தட்டுக்கும் இடையே கூடுதலான கால்வேலையை நிரப்ப வேண்டியிருப்பதால் அதுவே கடினம். முன்னேற்றம் என்றால் வேகமாக ஓடுவது மட்டுமல்ல என்பதை இந்நடனம் சொல்லித் தருகிறது.

1930 ஆம் ஆண்டளவில் அமைந்த அயர்லாந்து நடன ஆணைக்குழு, 1970 இல் டப்ளினில் உலகப் போட்டியைத் தொடங்கியது. 2002 இல் அது முதன்முறையாக அயர்லாந்துக்கு வெளியே, கிளாஸ்கோ நகரில் நடந்தது. 1994 ஏப்ரல் 30 அன்று யூரோவிஷன் பாடல் போட்டியின் இடைவேளையில் ஏழு நிமிடம் ஆடப்பட்ட ‘ரிவர்டான்ஸ்’ இந்நடனத்தை உலகறியச் செய்தது. அதன் பின்னர் பல நாடுகளில் வகுப்புகள் பெருகின.

பதக்கத்தின் மறுபக்கம்

போட்டி நிலை மலிவானதல்ல. வேலைப்பாடு மிக்க தனிநபர் ஆடைக்கு ஆயிரம் யூரோவுக்கும் மேல் செலவாவதுண்டு. சுருள்முடித் தொப்பி, பயணம், அனுமதிக் கட்டணம் வேறு. ஓயாமல் துள்ளுவதால் கணுக்காலும் பாத எலும்பும் பாதிக்கப்படலாம். வளர்ந்த பின் தொடங்குவோர் உடலைச் சூடாக்கும் பயிற்சியையும் ஓய்வையும் தவறவிடக் கூடாது. 2022 இல் சில போட்டி முடிவுகள் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டும் எழுந்து விசாரணைக்குச் சென்றது.

எனவே போட்டி ஒரு வழி மட்டுமே. அதுவே முடிவு அல்ல. பதக்கத்துக்காக அல்லாமல் வாரத்தில் ஒரு மாலையைத் தனக்கென வைத்துக்கொள்வதற்காக ஆடுவோரும் உள்ளனர். கூட்டமாக ஆடும் கெய்லீ நடனத்தில் எவரும் தனியே மதிப்பிடப்படுவதில்லை. பக்கத்தில் நிற்பவளின் கையைப் பிடித்து அவளோடு சேர்ந்து கால் வைத்தால் போதும்.

பெல்பாஸ்ற் தரும் பாடம்

வட அயர்லாந்தில் 1960களின் இறுதியில் தொடங்கி 1998 இன் உடன்படிக்கை வரை நீடித்த மோதலில் 3,500 இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் வேறு வேறு வீதிகளில், வேறு வேறு பாடசாலைகளில் வாழ்ந்த பெல்பாஸ்ற் நகரில், பற்றீசியா மல்ஹொலன்ட் என்ற ஆசிரியை இரு பகுதிப் பிள்ளைகளுக்கும் நடனம் கற்பித்தார். அவர் வளர்த்த ‘விழா நடனம்’ என்னும் பாணி இன்றும் அங்கு ஆடப்படுகிறது. நடனம் அந்த மோதலை நிறுத்தவில்லை. ஆனால் இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே தாளத்துக்குக் கால் வைக்க ஓர் இடம் இருந்தது.

சகோதரிகளே, அயர்லாந்து நடன வகுப்பு எம் ஊரில் இல்லாமல் இருக்கலாம். கோலாட்டமோ கும்மியோ தையலோ நீச்சலோ, எதுவானாலும் புதிதாகப் பழகும் உரிமை எமக்கு உண்டு. இழந்தவர்களை மறந்துவிட்டதாக அதற்குப் பொருளில்லை. அவர்களை நினைத்து அழுத அதே உடம்புக்குத்தான் துள்ளவும் தெரியும். ஏழு எண்ணிக்கை ஒரு பக்கம், ஏழு எண்ணிக்கை மறுபக்கம். முதல் நாளில் அவ்வளவு போதும்.