சாகுபடிச் செலவை வட்டமாக வரைந்து பாருங்கள்
(வானொலியில் ஒலிபரப்பான உரை)



அறுவடை முடிந்து, நெல்லைப் போட்டு, பணம் கைக்கு வந்ததும் நம்மில் பலர் சொல்வது இதுதான்: "வந்ததெல்லாம் உரத்துக்கே சரியாப் போச்சு." உண்மையிலேயே உரத்துக்குத்தான் போயிற்றா? செலவை நோட்டில் எழுதி வைப்பவர்கள்கூட இதற்குச் சட்டென்று பதில் சொல்வது கடினம். வரிசையாக எழுதிய தொகைகளைப் பார்த்தால், மொத்தத்தில் எது எத்தனை பங்கு என்று கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டுவதுதான் வட்ட விளக்கப்படம். பூசணிக்காயைப் பத்தை போடுகிற மாதிரி, முழு வட்டத்தை மொத்தச் செலவாக வைத்து, ஒவ்வொரு செலவுக்கும் ஒரு பத்தை ஒதுக்குவது. 1801-ல் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தமது நூலில் இத்தகைய படத்தை வெளியிட்டார். இன்று உங்கள் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்திலேயே இது இருக்கிறது.

கணக்கு எளிதாக வரட்டும் என்பதற்காக, ஒரு ஏக்கர் நெல்லுக்கு மொத்தச் செலவு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உழவுக்கு 4,500, விதை, நாற்றங்காலுக்கு 3,000, நடவுக்கு 6,000, உரத்துக்கு 4,500, களை, பயிர் பாதுகாப்புக்கு 4,500, அறுவடைக்கு 6,000, வீட்டு ஆட்களின் உழைப்புக்கு 1,500. இந்தக் கடைசி இனத்தை விட்டுவிடாதீர்கள். நம் வீட்டு ஆள்தானே, கூலியா கொடுத்தோம் என்று விட்டால், நஷ்டம்கூட லாபம் மாதிரித் தெரியும்.

ஒவ்வொரு தொகையையும் மொத்தத்தால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்கள். உழவு 15 சதவீதம், விதை 10, நடவு 20, உரம் 15, களையும் பாதுகாப்பும் 15, அறுவடை 20, வீட்டு உழைப்பு 5. கூட்டினால் 100 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரண்டு தடவை ஏறியிருக்கிறது. படம் வரையுமுன்பே கிடைக்கிற ஆதாயம் இது.

வட்டத்துக்கு 360 பாகை. ஆகவே ஒரு சதவீதத்துக்கு 3.6 பாகை. நடவுக்கு 72, உரத்துக்கு 54 என்று பாகைமானியால் அளந்து கோடு போடலாம்.

பாகைமானிக்கு எங்கே போவது என்கிறீர்களா? டப்பா மூடி ஒன்று போதும். மூடியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டினாற்போல் வைத்து, ஒரு சுற்று முடிகிற இடத்தில் வெட்டுங்கள். பட்டை 60 சென்டிமீட்டர் இருந்தால், ஒரு சதவீதத்துக்கு 6 மில்லிமீட்டர். நடவுக்கு 12 சென்டிமீட்டர், உரத்துக்கு 9. இப்படியே எல்லாவற்றையும் பட்டையில் குறித்து, மறுபடி மூடியில் சுற்றுங்கள். மூடியைத் தாளில் வைத்து வட்டம் போட்டு, குறிகளை அதன் ஓரத்தில் பதியுங்கள். வட்டத்தை வெட்டி எடுத்து இரண்டு தடவை பாதியாக மடித்தால் மடிப்புகள் சேருமிடம் நடுப்புள்ளி. அங்கிருந்து குறிகளுக்குக் கோடு இழுத்தால் முடிந்தது வேலை.

இப்போது பாருங்கள். நம் உதாரணத்தில் நடவும் அறுவடையும் சேர்ந்து 40 பங்கு. உரம் 15 தான். உரச் செலவில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் மிச்சம் 450 ரூபாய். நடவுச் செலவில் நாலில் ஒரு பங்கு குறைத்தால் மிச்சம் 1,500. எங்கே முதலில் யோசிக்க வேண்டும் என்பது தெரிகிறதல்லவா? உங்கள் வயலின் கணக்கு வேறு மாதிரி இருக்கலாம். அதனால்தான் நீங்களே வரைய வேண்டும்.

மூன்று விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும்.

முதலாவது, வட்டம் முழுமையாக இருக்கட்டும். 17:17:17 காம்ப்ளெக்ஸ் உரத்தில் தழை, மணி, சாம்பல் மூன்றும் சேர்ந்து 51 பங்குதான். 50 கிலோ மூட்டையில் சத்து இருப்பது 25.5 கிலோ. மீதி 49 பங்கை மறந்துவிட்டு, மூன்று சத்துக்கும் வட்டத்தைச் சமமாகப் பிரித்தால் மூட்டை முழுதும் சத்து என்றாகிவிடும்.

இரண்டாவது, வட்டத்தின் கீழே மொத்தத் தொகையை எழுதுங்கள். அடுத்த ஆண்டு செலவு 36,000 ஆகி, அறுவடை அதே 20 சதவீதமாக இருந்தால், பத்தை மாறாது. ஆனால் கையிலிருந்து 1,200 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கும்.

மூன்றாவது, பத்தை சிறியது என்பதால் அந்த வேலை சிறியதல்ல. கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்வதற்கு ஆகிற செலவு வட்டத்தில் ஒரு கோடு அளவுகூட வராது. அதை மிச்சம் பிடிக்கப் பார்த்தால், பின்னால் நோய் வந்து மருந்துப் பத்தை பெருத்துவிடும். செலவின் அளவைத்தான் படம் காட்டும். பலனின் அளவை அனுபவம்தான் காட்டும்.

பத்தைகள் ஆறு ஏழுக்கு மேல் போனால் படம் குழம்பும். சில்லறைச் செலவுகளை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். நிலத்துக்கும் இதே முறைதான். ஒரு ஏக்கருக்கு 100 சென்ட் ஆகையால், ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்குச் சென்ட் கணக்கே சதவீதக் கணக்கு!

இந்தப் போகத்துச் செலவை இன்றே நோட்டில் எழுதத் தொடங்குங்கள். அறுவடையானதும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து வட்டம் போட்டுப் பாருங்கள். அடுத்த போகத்துக்கு எதில் கைவைப்பது, எதில் வைக்கக் கூடாது என்று அப்புறம் பேசி முடிவு செய்யலாம்.